ரஃபேல் முகமா, ரஃபேல் கையா? பழைய போர்ட்ரெய்ட் பாக்கும்போது பண்ற தப்புகள்

கருப்புத் தொப்பி, நீள முடி, நம்மளயே பாக்குற ஒரு சின்ன வயசுப் பையன், கீழ ரஃபேல்னு அந்தக் கால இத்தாலி ஓவியரோட பேரு. இந்த மாதிரி படத்த ஷேர் பண்றவங்க ரெண்டு கேள்விய ஒண்ணாக்கிடறாங்க. படத்துல இருக்கறது யாரு, வரைஞ்சது யாரு, ரெண்டும் வேற வேறங்க, ஒண்ணு உறுதியாச்சுன்னா இன்னொண்ணும் உறுதியாயிடாது.

ஃபுளோரன்ஸ் உஃபிஸி மியூசியத்துல இருக்குற படத்தயே எடுத்துக்கோங்க. 1506 வாக்குல வரைஞ்சதுன்னு சொல்றாங்க, அப்ப ரஃபேலுக்கு 23 வயசு. முகம் அவருதுதான்னு நம்ப காரணம் இருக்கு, ரஃபேல் வரைஞ்ச வாட்டிகன் 'ஏதென்ஸ் பள்ளி' சுவரோவியத்துல வலது ஓரமா கருப்புத் தொப்பியோட ஒரு முகம் எட்டிப் பாக்கும், அது கண்ணாடி பாத்து அவரே தன்ன வரைஞ்சதுன்னு, ஓவியர்களோட வாழ்க்கை வரலாறு எழுதுன வசாரி எழுதியிருக்காரு, ரெண்டு முகமும் ஒத்துப்போகுது. ஆனா வரைஞ்ச கை அவருதுதானான்னு சந்தேகம் ரொம்ப நாள் ஓடுச்சு, பெயிண்டுக்கு அடியில இருக்குற ஸ்கெட்ச்ச பாத்த பிறகுதான் ரஃபேல்னு சொல்ற பக்கம் வலுவாச்சு.

அதுக்காக வசாரிய அப்படியே வேதவாக்கா எடுத்துக்கறதும் தப்பு. 1520ல ரஃபேல் சாகும்போது வசாரிக்கு 8 வயசு! அவரு ஒழுங்கா எழுதுனதயே நாம தப்பா படிச்ச கதையும் இருக்கு. பிண்டோ அல்டோவிட்டின்னு ஒரு பேங்கர், அவருக்கு ரஃபேல் 'அவரோட சின்ன வயசு படத்த' வரைஞ்சு குடுத்தாருன்னு வசாரி எழுதுனாரு. எவரோட? 18ஆம் நூற்றாண்டுல ரஃபேலோடதுன்னு முடிவு பண்ணிட்டாங்க, படத்துல இருக்குற ஆளு பொன்னிற முடிக்காரன், உஃபிஸி ரஃபேலுக்கோ கருமையான முடி, அத யாரும் பெருசா கண்டுக்கல. 1808ல பவேரியா இளவரசர் லுட்விக் வாங்கிட்டாரு. அப்புறம் இது பிண்டோதான்னு ஆனதும், வரைஞ்சது ரஃபேல்தானான்னே கேக்க ஆரம்பிச்சு, சிஷ்யன் ஜூலியோ ரொமானோ பேரெல்லாம் அடிபட்டுச்சு, 1938ல, படத்த வச்சிருந்த மியூனிக் மியூசியம் அத கைவிட்டுடுச்சு. இப்ப அது வாஷிங்டன் நேஷனல் கேலரில ரஃபேல் படமாவே தொங்குது. மியூனிக்குக்கு எவ்ளோ பெரிய நஷ்டம் பாருங்க.

படத்து மேல எழுதியிருக்குன்னு நம்பறது அடுத்த தப்பு. ஆக்ஸ்ஃபோர்ட் ஆஷ்மோலியன்ல ஒரு பையனோட சாக் டிராயிங் இருக்கு, 'சின்ன வயசுல தன்னையே வரைஞ்சது'ன்னு இத்தாலியன்ல குறிப்பும் இருக்கு, ஆனா அது பிற்காலத்துல வேற யாரோ எழுதுனது.

ஏலக் கேட்லாக்ல 'அட்ரிபியூட்டட் டு'ன்னா அவரா இருக்கலாம்னு ஒரு கருத்து, அவ்ளோதான். 'மேனர் ஆஃப்'னா அந்த ஸ்டைல்ல பிற்காலத்துல எவரோ பண்ணது, பெரிய பேர பாத்து மயங்கிடாதீங்க.

லேப் டெஸ்ட் எல்லாத்தயும் சொல்லிடும்னு நினைக்கறவங்களுக்கு: இத்தாலில பாப்லர் பலகைலதான் அதிகம் வரைஞ்சாங்க, அந்த மரத்துல வளையம் எண்ணி காலம் கண்டுபிடிக்கறது கஷ்டம். படத்துல டைட்டானியம் ஒயிட் இருந்தா அது 20ஆம் நூற்றாண்டு பெயிண்ட், ஆனா அதுவும் ரிப்பேர் பண்ண இடமா இல்ல ஒரிஜினல் லேயரான்னு பாக்கணும்.

அப்புறம் போட்டோவ வச்சு தீர்ப்பு சொல்றது. போலந்து சார்டோரிஸ்கி கலெக்‌ஷன்ல இருந்து நாஜிகள் தூக்கிட்டுப் போன இளைஞன் படத்தயும் ரஃபேல் தன்னையே வரைஞ்சதுன்னு சிலர் சொல்வாங்க, அது 1945லேர்ந்து காணோம், யாரு வாதாடுனாலும் பழைய போட்டோவ பாத்துதான் வாதாடணும்.