சுங்கை சிப்புட்டில் ஒரு ஸ்பானிய பாலாடா: வரி எழுதுவதிலிருந்து மண்டபம் வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊரில், ஸ்பானிஷ் தெரியாத தமிழ்ப் பாடகர் ஸ்பானிய காதல் பாட்டு பாட முடியுமா? முடியும். மற்ற பல மொழிக்காரர்களைவிட நம் நாக்குக்கு இந்த வேலை எளிது. தமிழ் வாய் தானாகச் செய்யும் நான்கைந்து பழக்கங்களை மட்டும் அடக்கிவிட்டால் போதும். ஒலிப்பதிவுக் கருவியைவிட அதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அதனால் இந்தக் குறிப்பிலும் வாய்க்கே அதிக இடம்.

முதலில் பாட்டின் வகை. பாலாடா 1960-களில் உருவான மெல்லிசைக் காதல் பாட்டு. அதன் தாய் பொலேரோ. அது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கியூபாவின் சந்தியாகோ நகரில் பிறந்து மெக்சிகோவில் செழித்தது. பிறகு இத்தாலிய, பிரெஞ்சு மெல்லிசையின் சாயலும் சேர, பியானோவும் வயலின் கூட்டமும் வைத்த பாலாடா வந்தது. நம் ஊர்க் காதுக்கு இந்தத் தாளங்கள் புதிதல்ல. 1950-களின் மலாய்ப் படங்களிலேயே நடிகரும் இசையமைப்பாளருமான பி. ரம்லி ரும்பா, ச்சா ச்சா எல்லாம் போட்டிருக்கிறார். தோட்டத்தில் திரைகட்டிப் படம் பார்த்த தலைமுறைக்கு அது பழகிய நடை.

வரி

ஒரு வரியை எடுத்துக்கொண்டு வேலை செய்வோம். "மழை விழும்போது, இன்னும் உனக்காகக் காத்திருக்கிறேன்" என்பது பொருள். ஸ்பானிஷில்:

குவாந்தொ காஎ ல யூபிய,
தெஸ்பேரொ தொதபீஅ.

இரண்டிலும் ஏழேழு அசை. முதல் பாதி குவான்-தொ-கா-எ-ல-யூ-பிய. இரண்டாவது தெஸ்-பே-ரொ-தொ-த-பீ-அ. ஸ்பானியர் அசையை எண்ணும்போது கடைசி அழுத்தத்தைப் பார்ப்பார்கள். அழுத்தம் கடைசி அசையிலேயே விழுந்தால் ஒன்று கூட்டுவார்கள், கடைசிக்கு முந்தைய அசைக்கும் முன்னால் விழுந்தால் ஒன்று குறைப்பார்கள். நாம் வெறுமனே விரல்விட்டு எண்ணினால் மெட்டில் ஓர் அசை இடறும்.

மேலே குறில் நெடில் போட்டிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். அழுத்தம் விழும் அசைக்கு மட்டும் நெடில், மற்றதெல்லாம் குறில். அழுத்தத்தைக் குறிக்கத் தமிழ் எழுத்தில் இதைவிட நல்ல வழி இல்லை. இது அழகுக்காக இல்லை, அழுத்தம் மாறினால் ஸ்பானிஷில் பொருளே மாறிவிடும். "ஆமொ" என்றால் நான் நேசிக்கிறேன். "அமோ" என்றால் அவர் நேசித்தார். மெட்டில் கனமான தட்டு தவறான அசையில் விழுந்தால், காதலைச் சொல்ல வந்த பாடகர் யாருடைய பழைய கதையையோ சொல்பவராகிவிடுவார். மேலே உள்ள வரியில் "யூ", "பீ" இரண்டும் அவற்றின் தாளக்கட்டின் முதல் தட்டில் உட்கார வேண்டும்.

மெட்டு போடுவதற்கு முன் இன்னும் இரண்டு முடிவு எடுங்கள். பாடுவது ஆணா பெண்ணா? "காதலில் விழுந்தவன்" எனமொராதொ, "விழுந்தவள்" எனமொராத. பாடகர் மாறினால் விகுதியும் மாற வேண்டும். அடுத்து, காதலரை நீ என்பதா நீங்கள் என்பதா? "தூ" என்பது நீ, "உஸ்தேத்" என்பது நீங்கள். பாலாடாவில் பெரும்பாலும் தூ. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதை ஸ்பானிஷ் தாய்மொழியாக உள்ள ஒருவரிடம் காட்டாமல் ஒலிப்பதிவுக்குப் போகாதீர்கள்.

வாய்

நமக்குச் சாதகமானவை முதலில். ஸ்பானிஷில் உயிர் ஐந்துதான். அ, எ, இ, ஒ, உ, எல்லாம் நம்முடையவையே. த, க, ப மூச்சு கலக்காமல் வரும், நம்மைப் போலவே. "எல்லாம்" என்பதற்கு "தோதொ" என்று எழுதித் தமிழில் படிப்பதுபோலவே படியுங்கள். முதல் த வன்மையாகவும், நடுத் த "பாதை"யில் வருவதுபோல் மென்மையாகவும் தானே வரும். ஸ்பானியர் சொல்வதும் அப்படியே. "கோபம்" என்பதன் ப, "மகள்" என்பதன் க ஆகியவையும் அப்படியே பொருந்தும். ஞ நம்மிடம் இருக்கிறது. "பச்சை"யின் ச்ச தான் "நோச்செ" (இரவு) என்பதில் வருவது.

இனி இடறும் இடங்கள்.

உடம்படுமெய் முதல் எதிரி. இரண்டு உயிர் சந்தித்தால் நம் வாய் ய் அல்லது வ் நுழைத்துவிடும். "தெ எஸ்பேரொ" என்பது "தே யெஸ்பேரோ" ஆகி ஏழு அசை எட்டாகும், தாளம் தள்ளாடும். ஸ்பானிஷில் அந்த இரண்டு உயிரும் உருகி ஒன்றாகி "தெஸ்பேரொ" ஆக வேண்டும். "காஎ"யை "காயெ" என்று பாடினால் அது தெரு என்று பொருள்படும் வேறு சொல். பயிற்சி இப்படி: விரலைத் தாடையில் வைத்துக்கொண்டு "ஆ-எ" என்று நாக்கை மேலே தூக்காமல் பத்து முறை. நாக்கு மேலண்ணத்தை நோக்கி எழுந்தால் அங்கே ய் வந்துவிட்டது. சொல்லின் முதலில் வரும் எ, ஒ இரண்டுக்கும் இதே நோய் உண்டு. "எல்" என்பதை "யெல்" என்று பாடுவது உடனே காதில் விழும்.

அடுத்தது வால் உகரம். "அமோர்" என்பது "அமோரு" ஆகும், "கொரசோன்" "கொரசோனு" ஆகும். உகரத்தை அடக்கச் சொன்னால் சிலர் ன்-ஐ விழுங்கி, பேச்சில் "அவன்" சொல்வதுபோல் மூக்கில் முடித்துவிடுவார்கள். அதுவும் தப்பு. நாக்கு நுனி பல்லின் பின்புறம் தொட்டு நிற்க வேண்டும், குரல் அங்கேயே முடிய வேண்டும். நீண்ட சுரம் என்றால் "சோ"வில் நீட்டி, ன்-ஐக் கடைசி அரைத் தட்டில் மட்டும் வையுங்கள்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினத்தைத் தமிழ் தானாகவே மெலிவித்துவிடும். "குவாந்தொ" என்றால் எப்போது. அது சரியாக வரும். ஆனால் "எவ்வளவு" என்பதற்கு ந்-க்குப் பின் வன்மையான த வேண்டும். அதையும் நாம் "குவாந்தொ" என்றே பாடிவிடுவோம். எந்தப் பாலாடாவிலும் தவறாமல் வரும் "எப்போதும்", "காலம்", "ஒருபோதும் இல்லை" ஆகிய மூன்றும் இந்த வலையில் விழும். அதனால் தாளில் "சியேம்ப்ப்ரெ", "தியேம்ப்பொ", "நூன்க்க" என்று வல்லினத்தை இரட்டித்து எழுதிக்கொள்ளுங்கள். பாடும்போது இரட்டிப்பு அளவுக்கு அழுத்த வேண்டாம், வன்மை வந்தால் போதும்.

கடைசியாக ர. சொல்லின் நடுவில் வரும் ஒற்றை ர நம் "மரம்" போல ஒரு தட்டு. இரட்டை ர, அல்லது சொல்லின் முதலில் வரும் ர என்றால் நாக்கு மூன்று நான்கு முறை அதிர வேண்டும். உணர்ச்சி மேலிட்டு ஒற்றை ர-வை உருட்டினால் "ஆனால்" என்ற சொல் "நாய்" ஆகிவிடும். பேரொ, பேர்ரொ: வித்தியாசம் அந்த உருட்டலில் மட்டுமே. ப என்றும் வ என்றும் இரண்டு எழுத்து இருந்தாலும் ஒலி ஒன்றுதான், வ-வுக்குப் பல்லால் உதட்டைக் கடிக்க வேண்டாம். "கொரசோன்" போன்ற சொற்களில் ச-வை மெக்சிகோ மாதிரி ஸ என்று வைப்பதா, மத்திய ஸ்பெயின் மாதிரி நாக்கு நுனியைப் பல்லிடையில் வைப்பதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஒரே பாட்டில் இரண்டும் கலந்தால் உறுத்தும்.

மெட்டும் வாத்தியமும்

வேகம் நிமிடத்துக்கு 66 முதல் 72 தட்டு. 70 வைத்தால் நான்கு தட்டுக் கட்டு ஒன்று ஏறத்தாழ மூன்றரை விநாடி. கார்டு வரிசைக்கு எட்டுக் கட்டில் ஒரு முழுச்சுற்று: ஏ மைனர், டி மைனர், ஜி, சி, எஃப், பி ஹாஃப் டிமினிஷ்ட், ஈ செவன், மறுபடி ஏ மைனர். கிட்டார்காரருக்கு ஆறாவது கடினம் என்றால் டி மைனர் பிடித்து, பேஸில் மட்டும் பி வாசிக்கட்டும்.

சரணத்தில் பியானோ அல்லது நைலான் கம்பி கிட்டார் மட்டும். பேஸ் பொலேரோ நடையில் போகலாம்: முதல் இரண்டு தட்டுக்கு ஒரு நீண்ட சுரம், மூன்றிலும் நான்கிலும் ஒவ்வொன்று. பல்லவியில் டிரம்ஸ். வயலின் ஒலியை இரண்டாம் சரணத்துக்கு முன் விடாதீர்கள். கீபோர்டில் இருக்கிறதே என்று முதல் கட்டிலேயே அதை அழுத்துவதுதான் எங்கும் காணும் குறை. அப்படிச் செய்தால் கடைசிப் பல்லவியில் ஏற்ற இடமே மிஞ்சாது. அந்தக் கடைசிப் பல்லவிதான் பாலாடாவின் உயிர், அங்கே ஒரு முழுச்சுரம் ஏற்றுவது மரபு. ஈ செவனுக்குப் பிறகு ஒரு கட்டு எஃப் ஷார்ப் செவன் வாசித்து பி மைனரில் இறங்கினால் சுத்தமாக ஏறும். எனவே சுருதியைக் கடைசியிலிருந்து பின்னோக்கி முடிவு செய்யுங்கள். பாடகர் சிரமமின்றி மூன்று முறை தொடர்ந்து தொடும் உச்ச சுரம் எதுவோ, ஏற்றிய பல்லவியின் உச்சம் அதற்கு அரைச்சுரம் கீழே நிற்கட்டும்.

பதிவு

நகரத்து ஸ்டூடியோ வேண்டாம், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு அறை போதும். தோத்தோ எனப்படும் மடிக்கக்கூடிய மெத்தை இரண்டு எடுத்துப் பாடகரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். மைக்குக்குப் பின்னால் மாட்டுவதில் பெரிய பலன் இல்லை. பாடகரைப் பார்த்திருக்கும் மைக் அவருக்குப் பின்னால் உள்ள சுவரின் எதிரொலியைத்தான் பிடிக்கும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண், நடுவில் மூச்சுக்காற்றின் அடியைத் தடுக்கும் பாப் ஃபில்டர். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சக் குரல் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது.

நேரம் முக்கியம். பிற்பகலில் மழை வந்தால் தகரக் கூரையில் எதுவும் பதிவாகாது. செம்பனைக் குலை லாரியின் தாழ்ந்த உறுமலை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி ஓரளவு நீக்கலாம். இரவுப் பூச்சிச் சத்தத்தை அப்படி வெட்ட முடியாது. ஸ்பானிஷில் ஸகரம் மிக அதிகம், அது வாழும் உயர் அதிர்வெண்ணில்தான் பூச்சியும் கத்துகிறது, ஒன்றை வெட்டினால் மற்றதும் போகும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்ல வேளை. காற்றாடியை நிறுத்த வேண்டியிருப்பதால் 20 நிமிடம் பாடி, 10 நிமிடம் வெளியே உட்காருங்கள். எதிரொலி சேர்க்கும்போது 2 விநாடி நீளமுள்ள பிளேட் வகை, 30 மில்லிவிநாடி தாமதத்தோடு. தாமதம் இல்லாவிட்டால் சொற்கள் மங்கும், இத்தனை உழைத்துத் திருத்திய உச்சரிப்பு கேட்பவருக்குப் போய்ச் சேராது.

கேட்பவர்கள்

தமிழ்ப் பாட்டில் பல்லவி முதலில் வரும். பாலாடாவில் முன்னிசை 4 கட்டு, சரணம் 16, அனுபல்லவி மாதிரி 4 என்று போனால் பல்லவிக்கு 82 விநாடி ஆகும். கல்யாண மண்டபத்தில் அதற்குள் "என்ன பாஷைலா இது?" என்று பேச்சு எழுந்துவிடும். மண்டபத்துக்கென்று சரணத்தை 8 கட்டாகக் குறையுங்கள், 55 விநாடியில் பல்லவி வந்துவிடும். பாடும் முன் பொருளைத் தமிழில் இரண்டே வாக்கியம் சொல்லுங்கள். திரை இருந்தால் தமிழ்ப் பொருளை வரி வரியாகக் காட்டலாம். உருமி மேளம் முடிந்த கையோடு மேடையேறாதீர்கள். சாப்பாட்டு நேரம் பொருத்தம்.

ஸ்பானிஷ் பேசுபவர்கள் வேறு மாதிரி கேட்பார்கள். அவர்களுக்குப் பாடகர் எவ்வளவு கொடுத்தார் என்பதுதான் கணக்கு. 1970-இல் மெக்சிகோவில் நடந்த பாட்டுத் திருவிழாவில் மெக்சிகோ பாடகர் ஹோசே ஹோசே பாடிய "எல் த்ரீஸ்தெ"க்கு மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. ஆனால் அந்த இரவில் இன்றும் பேசப்படுவது அவர் குரல்தான். சிலியின் வீஞா தெல் மார் விழா 1960 முதல் நடக்கிறது. அங்கே ரசிகர் கூட்டத்துக்குப் பெயரே "அரக்கன்". பிடிக்காவிட்டால் விசிலடித்து இறக்கிவிடும். 1991-இல் மெக்சிகோ பாடகர் லூயிஸ் மிகேல் பழைய பொலேரோக்களை மட்டும் தொகுத்துப் பாடிய இசைத்தொகுப்பு இளைஞர்களிடமும் பெரும் வெற்றி பெற்றது. அவர்கள் பழைய நடையை ஒதுக்குவதில்லை என்பதற்கு அது சான்று. ஆகவே நவீன ஒலி சேர்ப்பதற்காக மெனக்கெட வேண்டாம்.

சொந்தப் பாட்டாக இல்லாமல் வேறொருவர் பாட்டைப் பாடினால் உரிமை கேட்க வேண்டும். பொது மேடையில் பாட, மலேசியாவில் இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமையைக் கவனிக்கும் எம்ஏசிபி-யிடம் விசாரியுங்கள். பதிவு செய்து வெளியிடத் தனி அனுமதி வேண்டும். வரிகளைத் தமிழில் மாற்றிப் பாட, பாட்டின் பதிப்புரிமையாளரிடமிருந்து எழுத்தில் அனுமதி தேவை. அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இணையத்தில் ஏற்றும் நேரம்: மெக்சிகோ நகரம் நமக்கு 14 மணி நேரம் பின்னால். அங்கே இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர, இங்கே மறுநாள் காலை பத்து மணிக்கு ஏற்றுங்கள். விளக்கக் குறிப்பில், பாடுபவர் மலேசியத் தமிழர் என்றும் உச்சரிப்புத் திருத்தம் சொன்னால் நன்றி என்றும் ஸ்பானிஷில் இரண்டு வரி எழுதுங்கள். திருத்தங்கள் வரும். அவற்றில் ஒரே அசையை மூன்று பேர் தனித்தனியாகச் சுட்டிக்காட்டினால், அந்த வரியை மட்டும் மறுபடி பதிவு செய்யுங்கள். மெத்தையும் மைக்கும் முதலில் இருந்த அதே இடத்தில் இருந்தால்தான் புது வரி பழைய குரலோடு ஒட்டும். அதற்காக முதல் நாளே தரையில் டேப் ஒட்டி இடத்தைக் குறித்து வையுங்கள்.