போலியோ வந்தவர்கள் கூடிப் பேச

சின்ன வயதில் போலியோ வந்து, ஐம்பதை நெருங்கும்போது கால் மறுபடி தளர்கிறதா? அதே நிலையில் உள்ளவர்களைத் தேடுங்கள். காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிப் பட்டை) செய்பவரிடம் விசாரித்தாலே ஆள் கிடைக்கும். எங்கள் மதுரைக் கூட்டம் அப்படித்தான் சேர்ந்தது.

இடம் தரைத்தளமாக இருக்கட்டும். மூணு சக்கர ஸ்கூட்டர் வாசல்வரை வரணும். கைப்பிடி வைத்த நாற்காலி, வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம். காலையிலேயே கூடுங்கள், சாயங்காலம் பலருக்கு உடம்பு ஓய்ந்துவிடும்.

"நல்லா நடந்தா சரியாயிடும்" என்று வீட்டில் சொல்வதை நம்பி யாரையும் உடம்பை வருத்த விடாதீர்கள். போலியோவில் அழியாமல் மிச்சமிருந்த நரம்பணுக்கள் இத்தனை வருஷம் கூடுதல் சுமை இழுத்தவை. களைக்கும் முன்பே உட்காரப் பழக்குங்கள், அதுதான் முக்கியம்.

ஆபரேஷன் என்றால் மயக்க டாக்டரிடம் போலியோ வந்ததை முன்பே சொல்லச் சொல்லுங்கள். இந்தியாவில் காட்டுவகை (இயற்கையாகப் பரவும்) போலியோ கடைசியாக வந்தது 2011இல். இளம் டாக்டர்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள்.

வராதவருக்கு அன்றே போன் போடுங்கள்.