அயிரை வாழும் மணல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடையில் தண்ணீர் இருந்தால் மீனும் இருக்கும் என்று நம்புவதே அயிரையைப் பொறுத்தவரை முதல் தவறு. சுண்டுவிரல் நீளத்தை ஒட்டி வளரும் இந்த மீன், பகலின் பெரும்பகுதியை நுண்மணலிலோ மென்சேற்றிலோ புதைந்து கழித்துவிட்டு, வெளிச்சம் மங்கிய பின் வெளிவந்து, வாயோரத்து மீசைகளால் அடிமண்ணைத் தடவிச் சிறு புழுக்களையும் மக்கிய பொருள்களையும் தின்னும். அயிர் என்ற சொல்லுக்கே நுண்மணல் என்று பொருள் இருக்கிறது. தென்பெண்ணையிலும் சின்னாற்றிலும் அவற்றில் கலக்கும் ஓடைகளிலும் மணலை வழித்தெடுத்துப் பாறையை மட்டும் விட்டுவைத்தால், அதன்மேல் எவ்வளவு தெளிந்த நீர் ஓடினாலும் அயிரைக்கு அங்கே வீடு இல்லை.

ஏரியைத் தூர்வாரும்போதும் இதே தவறு நிகழ்கிறது. தூர்வாருவது தேவையான பணிதான். ஆனால் பொக்லைனைக் கொண்டு கரையோரம் வரை ஒரே ஆழத்தில் செங்குத்தாக வெட்டிவிட்டால், சிறுமீன்கள் ஒதுங்கும் ஆழமற்ற, புல் படர்ந்த விளிம்பு முழுவதும் போய்விடும். நீர் வரும் பக்கத்திலாவது ஒரு சரிவை விட்டுவைப்பது நல்லது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஓடைகள் பல கோடையில் நின்றுவிடுகின்றன. அப்போது மிஞ்சுவன ஆங்காங்கே இருக்கும் மடுக்கள் மட்டுமே. சித்திரை, வைகாசியில் மோட்டார் வைத்து மடுவை இறைத்து, கிடைத்ததை எல்லாம் கூடையில் அள்ளுவது பல ஊர்களில் விளையாட்டுப் போலவே நடக்கிறது. இதைத்தான் நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். ஏனெனில் அடுத்த மழையில் அந்த ஓடை முழுவதும் மீண்டும் மீன் பரவுவதற்கான வித்து, அந்த முழங்கால் அளவுத் தண்ணீரில்தான் இருக்கிறது. புதுவெள்ளத்தில் முட்டையோடு எதிரேறி வரும் மீன்களை மதகிலும் பாலத்தின் அடியிலும் கொசுவலை கட்டி மறிப்பதும் இதற்கு இணையானதே. மடுவில் பாதியையும், மழையின் முதல் சில நாள்களையும் மீனுக்கு விட்டுக்கொடுத்தால் போதும்.

அயிரையின் அறிவியல் பெயரில் வரும் ‘தெர்மாலிஸ்’ என்ற சொல், 1846இல் இலங்கையின் வெந்நீர் ஊற்றுகளில் கிடைத்த மீனைக் கொண்டு சூட்டப்பட்டது. மேலும், இந்த இனத்து மீன்கள் நீரில் உயிர்வளி குறையும்போது மேலே வந்து காற்றை விழுங்கிக் குடல் வழியே சுவாசிக்கவும் வல்லவை. அதற்காக அயிரை எந்தக் கழிவுநீரையும் தாங்கும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உயிர்வளிக் குறைவைத் தாங்குவது வேறு, நஞ்சைத் தாங்குவது வேறு. கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் நுரை பொங்குவதை ஓசூர்க்காரர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். நுரை அடங்கிய பின்னும் கழிவின் ஒரு பகுதி அடிமண்ணில்தான் படிகிறது. அந்த மண்ணைத் தடவித் தின்பதுதான் அயிரையின் பிழைப்பு.

கட்லா, ரோகு குஞ்சு விடுவதற்கு முன் ‘களைமீன்’ என்ற பெயரில் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்துச் சிறுமீன்களை அழிப்பது தனித்த பண்ணைக் குட்டையோடு நிற்க வேண்டும். ஓடையோடு தொடர்புள்ள ஏரியில் அதைச் செய்தல் தகாது. கொசுவை ஒழிப்பதற்காக 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா என்ற சிறுமீனை ஓடையிலும் சுனையிலும் விடுவதும் தவறுதான், அது கொசுப்புழுவோடு நிற்காமல் மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். 1952இல் வந்த ஜிலேபி மீன் இன்று எங்கும் நிறைந்துவிட்டது. அதைத் திரும்பப் பெறுவது இனி நடவாத காரியம்.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அயிரையை வளர்க்க விரும்புவோர் வண்ணக் கூழாங்கற்களைக் கொட்டிவிடுகிறார்கள். புதைய முயலும் மீனின் மீசையும் தோலும் அதில் உரசிப் புண்ணாகும். சலித்துக் கழுவிய மெல்லிய ஆற்றுமணலே போதும். கண்ணுக்குக் கீழே விரிந்து நிமிரும் சிறு முள் ஒன்று இருப்பதால், வலையில் சிக்கினால் மீனைப் பிய்த்துத்தான் எடுக்க நேரும். கிண்ணத்தால் நீரோடு சேர்த்து முகந்துகொள்ள வேண்டும்.