நிஜக் கொடூரத்தை வைத்து எடுத்த டார்க் காமெடி படங்களை எப்படிப் பார்ப்பது

உண்மையில் நடந்த ஒரு கொலையையோ சர்வாதிகாரியையோ வைத்து காமெடி எடுத்திருக்கிறார்கள் என்றால், படத்தைப் போடுவதற்கு முன்னால் அந்தச் சம்பவத்தைப் பற்றி ஒரு பத்து நிமிடம் படித்துவிடுங்கள். முழு வரலாறு வேண்டாம். யார் செத்தார்கள், அதிகாரம் யார் கையில் இருந்தது, கடைசியில் யாருக்கு என்ன ஆனது, இவ்வளவு போதும். சஸ்பென்ஸ் போய்விடுமே என்று தயங்காதீர்கள், சோவியத் சர்வாதிகாரி ஸ்டாலின் செத்தது யாருக்குத்தான் தெரியாது? எது நடந்தது, எது சேர்த்தது என்று தெரிந்தவருக்குத்தான் இந்த மாதிரிப் படங்களில் சிரிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்பது பிடிபடும்.

முதலில் எதைப் பார்ப்பது என்றால், அர்மாண்டோ இயனூச்சி இயக்கி 2017ல் வந்த 'தி டெத் ஆஃப் ஸ்டாலின்' என்றுதான் சொல்வேன். அதில் ஸ்டாலின் மூச்சுப்பேச்சில்லாமல் தரையில் கிடக்கிறார், சுற்றி நிற்கும் பெரிய தலைவர்கள் டாக்டரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள், ஏனென்றால் ஊரில் இருந்த நல்ல டாக்டர்களையெல்லாம் சதி செய்தார்கள் என்று பிடித்து உள்ளே போட்டாயிற்று. எழுத்தாளர் உட்கார்ந்து யோசித்த ஜோக் மாதிரி இருக்கும். ஆனால் 1953 மார்ச் 1 அன்று நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான்: பகல் முழுக்க அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை, கூப்பிடாமல் உள்ளே போகக் காவலர்களுக்குப் பயம், இரவில்தான் போய்ப் பார்த்தார்கள், மருத்துவர்கள் வந்து சேர்ந்தது மறுநாள் காலையில். அவருடைய சொந்த மருத்துவரே அப்போது சிறையில் இருந்தார். மார்ச் 5 அன்று உயிர் போனது. அந்தக் காட்சியில் சிரிப்பு வருவது எல்லோருடைய பயத்தையும் பார்த்துத்தான், அந்தப் பயம் அச்சு அசல் நிஜம். ஒரு படம் நேர்மையானதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது: உங்களை அதிகம் சிரிக்க வைத்த காட்சியை எடுத்துக்கொண்டு, அதற்கு அடியில் நிஜம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அதே படம் நிறைய மாற்றியும் இருக்கிறது. ஸ்டாலினின் ரகசியப் போலீஸை நடத்திய பெரியாவை ஜூனில் கைது செய்து டிசம்பரில்தான் சுட்டார்கள், படத்தில் இறுதிச் சடங்கு முடிந்த கையோடு அவர் கதை முடிந்துவிடுகிறது. அஞ்சலி செலுத்த வந்தவர்கள் நிஜத்தில் நெரிசலில் மிதிபட்டுச் செத்தார்கள், படத்தில் துப்பாக்கிச் சூடு. முதல் மாற்றம் எனக்கு உறுத்தவில்லை, இரண்டாவது உறுத்துகிறது, ஏனென்றால் ஆட்களின் சாவு எப்படி நடந்தது என்பதையே அது மாற்றிச் சொல்கிறது. ஆனாலும் பெரியாவை முற்றத்துக்கு இழுத்துப் போய்ச் சுடும் இடத்தைக் கவனியுங்கள். அதுவரை விழுந்து விழுந்து சிரித்த நமக்கு அங்கே சிரிப்பு வராது, அவ்வளவு கொடுமை செய்த ஆளாக இருந்தும் வராது. எங்கே நிறுத்த வேண்டும் என்று இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது. 2018 ஜனவரியில், வெளியாக இரண்டு நாள் இருக்கும்போது, ரஷ்ய அரசு இந்தப் படத்தின் அனுமதியை ரத்து செய்தது.

டப்பிங்கில் மட்டும் பார்க்காதீர்கள். இதில் யாரும் ரஷ்ய உச்சரிப்பில் பேசுவதில்லை, ஸ்டாலினுக்குப் பின் ஆட்சியைப் பிடித்த குருஷ்சேவாக வருபவர் அமெரிக்கர் மாதிரியே பேசுகிறார், ஸ்டாலின் லண்டன் தெருப் பேச்சில் திட்டுகிறார், பாதி நகைச்சுவையே அதில்தான் இருக்கிறது. சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, படம் வந்த வருடத்தைப் பாருங்கள். ஹிட்லரைக் கிண்டலடித்த சாப்ளினின் 'தி கிரேட் டிக்டேட்டர்' 1940ல் வந்தது. அதில் வரும் வதைமுகாம் ஏதோ சாதாரண ஜெயில் மாதிரி இருக்கும், கைதிகள் அணிவகுத்து நடப்பதைக்கூட விளையாட்டாகக் காட்டியிருப்பார். முகாம்களின் உண்மையான கொடூரம் அப்போதே தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று 1964ல் வந்த தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். எனவே முகாமை ஏன் இவ்வளவு லேசாகக் காட்டினீர்கள் என்று அவரிடம் கேட்பது நியாயமில்லை. 1997ல் வந்த ராபர்டோ பெனினியின் 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' விஷயத்தில் கட்டாயம் கேட்கலாம், எல்லாம் தெரிந்த பிறகு எடுத்த படம் அது. முகாமுக்குள் நடப்பதெல்லாம் ஒரு விளையாட்டு என்று அப்பா தன் சின்னப் பையனை நம்ப வைக்கிறார். அப்பாவின் தவிப்பு என்னை உலுக்கியது, ஆனால் அந்த முகாம் இருக்க வேண்டியதைவிட ரொம்பவே மென்மையாக இருப்பதை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை.

குற்றச் சம்பவங்களுக்கு வந்தால் வேலை இன்னும் கூடுதல், ஏனென்றால் பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பமோ பெரும்பாலும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். படம் முடிந்ததும் உங்களையே கேட்டுப் பாருங்கள்: பாதிக்கப்பட்டவரைப் பற்றி எனக்கு என்ன தெரிந்தது? 'ஐ, டோன்யா'வில் (2017) ஒன்றுமே தெரியாது. 1994 ஜனவரியில் டெட்ராய்ட்டில் தடியால் அடி வாங்கிய பனிச்சறுக்கு வீராங்கனை நான்சி கெரிகன் அதில் வந்து போவதோடு சரி, கதை முழுக்க அவருடைய போட்டியாளர் டோன்யா ஹார்டிங்கைப் பற்றித்தான். மைக்கேல் பேயின் 'பெய்ன் அண்ட் கெய்ன்' (2013) அதைவிட மோசம். மயாமியில் கடத்தப்பட்டுச் சித்திரவதையை அனுபவித்தவரையே எரிச்சலூட்டும் ஆளாகக் காட்டி, செய்தவர்களை அசட்டு ஹீரோக்களாக்கிவிட்டார்கள். அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

யாரோடு பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். தற்கொலைக் குண்டுதாரிகளைக் கிண்டலடிக்கும் 'ஃபோர் லயன்ஸ்' (2010) பிரமாதமான படம், ஆனால் லண்டனில் 2005 ஜூலை 7 அன்று 52 பேரைக் கொன்ற தாக்குதலுக்கு ஐந்தே வருடம் கழித்து வந்தது. இன்ன மாதிரிப் படம் என்று சொல்லிவிட்டுப் போடுங்கள், வேண்டாம் என்று யாராவது எழுந்து போனால் வாதாடாதீர்கள்.

'பெர்னி'யை (2011, ரிச்சர்ட் லிங்க்லேட்டர்) கடைசியாக வைத்துக்கொள்ளலாம். டெக்சஸில் கார்த்தேஜ் என்ற சிறிய ஊர். ஊரே கொண்டாடிய ஒரு மனிதர், 81 வயதுப் பணக்கார விதவையைச் சுட்டுக் கொன்று வீட்டு ஃப்ரீசரில் ஒன்பது மாதம் வைத்திருந்தார். அந்த ஊர்க்காரர்களே கேமரா முன்னால் உட்கார்ந்து அவருக்காகப் பரிந்து பேசுகிறார்கள், கேட்கக் கேட்க நாமும் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறோம், செத்துப்போன அந்த விதவைக்காகப் பேச அங்கே ஆளே இல்லை. இந்தப் படத்துக்கு மட்டும் பார்த்த பிறகும் கொஞ்சம் படிக்க வேண்டும். படம் வந்த பிறகு வழக்கு மறுபடி கிளம்பி, 2014ல் அவர் ஜாமீனில் வெளியே வந்து, இயக்குநரின் வீட்டு வளாகத்திலேயே தங்கினார். 2016ல் தண்டனையைப் புதிதாக விசாரித்த ஜூரி அவருக்கு 99 வருடம் முதல் ஆயுள் வரை என்று தீர்ப்புச் சொல்லி, திரும்பவும் உள்ளே அனுப்பியது.