வெள்ள நாள் நிர்வாக முறையை ஆலைக்குக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. நிறுத்தியிருந்த வேன்களை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. இப்படிப்பட்ட நாளில் யார் யாருக்கு உத்தரவிடுவது என்பதற்கு ‘இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம்’ என்றொரு பேரிடர் நிர்வாக முறை இருக்கிறது. 1970ல் கலிஃபோர்னியாவில் பரவிய காட்டுத்தீக்குப் பிறகு அங்கே உருவான முறை அது. நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010ல் இந்தியாவுக்கான வழிகாட்டுதலாக அதை வெளியிட்டது. மாவட்டத்தில் கலெக்டர்தான் பொறுப்பு அலுவலர்.

இந்த முறை கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கும் ஓசூர் பட்டறைக்கும் நன்றாகவே பொருந்தும். ஆனால் பலர் அதிலிருந்து அவசரத்தையும் அதட்டலையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, ஒரே ஆளுக்கு இரண்டு பேர் வேலை சொல்வது. பெங்களூரா ரக மாங்காய் லோடு எடைமேடையில் நிற்கிறது. முதலாளி உடனே இறக்கச் சொல்கிறார்; அவர் தம்பி, பழுக்க வைக்கும் அறையில் இடமில்லை, நிறுத்து என்கிறார். சூப்பர்வைசர் என்ன செய்வார்? வெயிலில் காய் கிடக்கும், கடைசியில் திட்டு அவருக்குத்தான். பேரிடர் முறையில் ஒருவருக்கு ஒரே மேலதிகாரி. தம்பிக்கு மாற்றுக் கருத்து இருந்தால் அண்ணனிடம்தான் பேச வேண்டும், சூப்பர்வைசரிடம் அல்ல. குடும்பத் தொழிலில் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

இருபது பேரை ஒரே ஆளிடம் விடுவதும் தவறு. ஒருவர் கவனிக்கக்கூடியது மூன்று முதல் ஏழு பேர், ஐந்து என்றால் நல்லது என்பது அந்த முறையின் கணக்கு.

அப்புறம், ஷிப்ட் மாறும்போது வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டுக் கிளம்புவது. பாய்லரில் என்ன கோளாறு, எந்த லோடு பாக்கி என்பதை நேரில் சொல்லுங்கள். இனி யார் பொறுப்பு என்று எல்லாருக்கும் தெரியும்படி அறிவியுங்கள்.

சீசனுக்காகக் கொடுத்த பதவியை அப்படியே தொடரவிடுவதை யாரும் தவறாக நினைப்பதில்லை; ஆனால் அதுவும் தவறுதான். தேவைக்கேற்ப விரிவதும் சுருங்குவதும்தான் இந்த முறையின் பலமே. மாங்காய் வரத்து நின்ற வாரமே, இரவு ஷிப்ட் பொறுப்பு முடிந்தது என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அடுத்த சீசனில் தேவைப்பட்டால் மறுபடி கொடுத்துக்கொள்ளலாம்.