வளரும் எலும்புகள் சுவரில்: எக்ஸ்ரேயைப் படமாக்கும் எளிய முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கம் பிள்ளைகள் மாமரத்திலிருந்தோ சைக்கிளிலிருந்தோ விழுந்து கையை உடைத்துக்கொள்வது புதிதல்ல. மாவுக்கட்டைப் பிரித்ததும் எக்ஸ்ரே உறை அலமாரிக்கு மேலே போய்விடும், அப்புறம் யாரும் அதைத் தொடுவதில்லை. எனக்கு அந்த உறை ஒரு பொக்கிஷம். பிள்ளை வளர்வதை உள்ளிருந்து காட்டும் படம் வேறு எங்கே கிடைக்கும்?

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சுவரில் மாட்டுவதற்காகப் புதிதாக எக்ஸ்ரே எடுக்கவே கூடாது. மருத்துவத் தேவைக்கு ஏற்கெனவே எடுத்ததை மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 1: பிள்ளையிடம் கேளுங்கள்

12 வயது நிறைந்த, விவரம் புரிந்த பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம் என்கிறது தென்னாப்பிரிக்கச் சிறார் சட்டம். சிகிச்சைக்கே அப்படி என்றால், அவன் எலும்பை வரவேற்பறையில் மாட்ட அவனைக் கேட்காமல் இருக்கலாமா? சின்னப் பிள்ளையாக இருந்தாலும் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

படி 2: படத்தைத் தேர்ந்தெடுங்கள்

இதில்தான் நிதானம் வேண்டும். உடைந்த இடம் தெரியும் படத்தையே எல்லாரும் எடுப்பார்கள். நான் வளர்ச்சி தெரியும் படத்தைத்தான் எடுப்பேன். கையும் மணிக்கட்டும் சேர்ந்த படம் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையின் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது, அந்த இடம் வெறுமையாக இருக்கும். அவை இன்னும் குருத்தெலும்பாக இருப்பதே காரணம். குருத்தெலும்பு எக்ஸ்ரே கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. முதல் சில மாதங்களில் இரண்டு எலும்புகள் புள்ளிகளாகத் தோன்றும், பிறகு ஒவ்வொன்றாக வரும். கடைசி எலும்பு தெரிய ஏறக்குறைய 9 முதல் 12 வயது ஆகிவிடும். எலும்பின் வயதைக் கணிக்க மருத்துவர்கள் இடது கையைப் படம் எடுப்பதும் இதையும் விரல் எலும்புகளையும் பார்க்கத்தான்.

விரல்களையும் பாருங்கள். ஒவ்வொரு எலும்பின் அடியிலும் ஒரு சிறு தொப்பி தனியாக நிற்கும், நடுவே ஒரு கறுப்புக் கோடு ஓடும். அந்தக் கோடுதான் வளர்ச்சித் தட்டு. எலும்பு நீள்வது அங்கேதான். பதின்பருவம் முடிவதற்குள் அது மூடிக்கொள்ளும். வேறு வேறு வயதில் எடுத்த இரண்டு படங்கள் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், விளக்கமே தேவைப்படாது.

படி 3: நகல் எடுங்கள்

சிடியில் தந்திருந்தால் மைக்ரோடைகாம் போன்ற இலவச மென்பொருளில் திறந்து பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஃபிலிம் என்றால் இருட்டறையில் டேப்லெட் திரையை முழு வெள்ளையாக்குங்கள். அதற்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே, பால்வெள்ளை பெர்ஸ்பெக்ஸ் (அக்ரிலிக் பிளாஸ்டிக்) தகட்டின் மீது ஃபிலிமை வையுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். ஃபிளாஷ் இல்லாமல், போனை ஃபிலிமுக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள்.

மூல ஃபிலிமை வெட்டவோ ஒட்டவோ வேண்டாம், நாளை மருத்துவர் கேட்கலாம்.

படி 4: பெயரை நீக்குங்கள்

மூலையில் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் இருக்கும். நகலில் எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். இடது, வலது என்று காட்டும் எழுத்து மட்டும் இருக்கட்டும், அது படத்துக்கு அழகு.

படி 5: ஒளியைச் சரிசெய்யுங்கள்

வெள்ளை பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கான்ட்ராஸ்டை ஏற்றத் தோன்றும். ஏற்றாதீர்கள். விரலைச் சுற்றியுள்ள சதையின் சாம்பல் நிழல் முதலில் காணாமல் போகும், அப்புறம் எலும்புக்கு உள்ளே இருக்கும் நுண்ணிய வலை. வளர்ச்சித் தட்டுக்கு இரு பக்கமும் விளிம்பு மென்மையாகத் தெரியும்வரை மட்டும் மாற்றுங்கள்.

படி 6: அச்சும் சட்டமும்

ஏ3 அளவுக்குக் குறைந்தது 1754 x 2480 பிக்சல் வேண்டும். மேட் தாளில் அச்சிட்டுச் சாதாரணச் சட்டத்தில் போட்டாலே போதும்.

பின்னால் விளக்கு வேண்டுமானால் விளம்பரப் பலகை செய்யும் கடையில் பேக்லிட் ஃபிலிமில் அச்சிடச் சொல்லுங்கள். ஆழமான சட்டத்தில் 12 வோல்ட் எல்இடி பட்டையை ஒட்டி, நாலைந்து செ.மீ. விட்டுப் பால்வெள்ளைத் தகடு, அதன்மேல் படம். 12 வோல்ட் என்பதால் லோட்ஷெட்டிங் (மின்வெட்டு) நேரத்தில் சிறு பேட்டரியிலும் எரியும். மூல ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைக்காதீர்கள். ரசாயனத் திரவம் இல்லாமல் லேசரில் பதிக்கும் உலர் லேசர் ஃபிலிமாக இருந்தால் வெப்பத்தில் கறுத்துவிடும்.

படி 7: மாட்டும் இடம்

டர்பனின் கடல் காற்றில் ஈரம் அதிகம். குளியலறைச் சுவர், மழைச்சாரல் படும் வெளிச்சுவர் இரண்டும் வேண்டாம். மூல ஃபிலிமின் மேல்பூச்சு ஜெலட்டினாக இருக்கலாம், ஈரம் பட்டால் ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். உறையோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, அடுப்பிலிருந்து தள்ளியிருக்கும் உலர்ந்த அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள்.