வெளிநாட்டுத் தொடர் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியக் கிரிக்கெட் அணி வெளிநாடு கிளம்பினால் போதும், புதிதாக எழுத வரும் தம்பிகளின் முன்னோட்டக் கட்டுரைகள் திருத்தத்துக்கு என்னிடம் வரும். நாங்கள் எழுதப் பழகிய காலத்துச் சொதப்பல்கள் அப்படியே இருக்கும். பெயர்ப் பிழை, இந்திய நேரத்துக்கு மாற்றாமல் விட்ட ஆட்ட நேரம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் யார் கண்ணிலாவது பட்டுவிடும்.

ஒரு வடிவத்தின் ஃபார்மை இன்னொன்றில் ஏற்றுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். "ஐபிஎல்லில் யார்க்கராகப் போட்டுத் தள்ளுகிறார், டெஸ்டுக்கு எடுக்காமல் என்ன செய்கிறார்கள்?" என்று ஒருவர் எழுதியிருந்தார். கூப்பிட்டுக் கேட்டால் கையில் தயாராக ஒரு பதில்: "நடராஜன் அப்படித்தானே சார் ஆடினார்?"

இல்லை தம்பி. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு நடராஜன் போனது வலைப்பயிற்சியில் ஆட்டக்காரர்களுக்குப் பந்து வீசுபவராக. வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம் என்பதால் டி20 அணியில் இடம் கிடைத்தது. சைனிக்கு முதுகுப் பிடிப்பு என்பதால் ஒருநாள் அணியிலும் சேர்த்தார்கள். ஷமி, உமேஷ், பும்ரா வரிசையாக விழுந்த பிறகுதான் பிரிஸ்பேன் டெஸ்ட். அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுவந்தது டி20 விக்கெட் கணக்கு மட்டுமா? கொரோனாக் கட்டுப்பாட்டில் ஊரிலிருந்து ஆள் வரவழைக்க வழியில்லை, அங்கே இருந்தவர்களை வைத்துத்தான் ஆட வேண்டும்.

அப்போதும் அவர் சிவப்புப் பந்துக்கு, அதாவது பல நாள் ஆட்டத்துக்கு, புதியவர் இல்லை. 2015இலேயே தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடியவர். பந்துவீச்சு முறை மீது புகார் வந்து, அதைச் சரிசெய்துகொண்டு திரும்பியவர். பிரிஸ்பேனில் சைனி 7.5 ஓவரோடு காயப்பட்டு வெளியேறினார், அந்த ஓவரின் கடைசிப் பந்தை ரோகித் வீச வேண்டியதாயிற்று. மிச்சச் சுமை மற்றவர்கள் தலையில். நடராஜன் அந்த இன்னிங்ஸில் வீசியது 24.2 ஓவர், எடுத்தது 3 விக்கெட். டி20யில் ஒருவருக்கு மொத்தமே 4 ஓவர்தான். மாலையில் மூன்றாவது முறை பந்து வீச வரும்போது கால் ஓடுமா, பழைய பந்தை நினைத்த இடத்தில் குத்த முடியுமா என்பதற்கு அந்த 4 ஓவரில் விடை கிடைக்காது.

வாஷிங்டன் சுந்தர் கதையும் இதேதான். "டி20 பையன் டெஸ்டில் கலக்கினான்" என்று எழுதிவிடுவார்கள். அதே பிரிஸ்பேனில் அவர் அடித்த 62க்கு 144 பந்து ஆயிற்று. 186க்கு 6 விக்கெட் போன நிலையில் ஷர்துல் தாக்கூருடன் 123 ரன் சேர்த்தார். 2017இல் ரஞ்சியில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிச் சதம் போட்டவர் அவர் என்பதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

ஆகவே ஒருவரின் டெஸ்ட் வாய்ப்பைப் பற்றி எழுதுமுன் அவருடைய முதல்தர ஆட்டங்களை (ரஞ்சி போன்ற பல நாள் ஆட்டங்களை) திறந்து பாருங்கள். விக்கெட் எத்தனை என்பதைவிட ஒரு இன்னிங்ஸில் எத்தனை ஓவர் வீசினார் என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் வருகிற கட்டுரையை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன், கோபித்துக்கொள்கிறார்கள்.

ஒருநாள் தொடரை வைத்து டெஸ்டுக்கு ஜோசியம்

அதே பயணத்தில் ஒருநாள் தொடர் 1-2 என்று போயிற்று. டி20 2-1, டெஸ்ட் 2-1 இரண்டும் நமக்கு.

36 ஆல் அவுட்டைப் பார்த்து முடிவுரை எழுதுவது

வேண்டாம். அதே பயணத்தில் அடிலெய்டு டெஸ்டில் 36க்குச் சுருண்ட அணிதான் தொடரை வென்றது.

பயிற்சி ஆட்ட ஸ்கோரை நம்புவது

சிட்னியில் இளஞ்சிவப்புப் பந்துப் பயிற்சி ஆட்டத்தில் ரிஷப் பந்த் 73 பந்தில் 103 அடித்தார். ஆனாலும் அடிலெய்டில் கீப்பர் சாஹாதான். அதே ஆட்டத்தில் பும்ராவும் அரைசதம் போட்டார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு பேரை மட்டும் பார்ப்பது

விமானம் ஏறும் எல்லோருடைய பட்டியலையும் வாங்கி வையுங்கள், வலைப்பயிற்சியில் பந்து வீசப் போகிறவர்கள் உட்பட. அந்த நான்கு டெஸ்டில் இந்தியா இறக்கியது 20 பேரை.